இறந்தவர் நீங்கலாக

"இன்னா பாப்பா, இன்னிக்காவது வாயத் தொறக்குமா உம் பொட்டி? அறுப்பப் போட்டுட்டு வந்துக்கினு இருக்கேன்."

வெள்ளிமலையிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்த செல்லியம்மாள், செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள். கள்ளக்குறிச்சியில் அந்த மாடி அறைக்கு அவள் வருவது நாலாவது தடவை. காணாமல் போனவர்களைத் தேடித் தரும் தொண்டு அமைப்பு அது. அங்கே கம்ப்யூட்டர் பார்க்கிறவள் தமிழ்மொழி. ஆஸ்பத்திரி, காப்பகம், பிணக்கிடங்கு என்று எங்கிருந்தெல்லாமோ வந்த அடையாளங்கள் அதில் இருந்தன.

செல்லியம்மாளின் தம்பி வேடியப்பன் மிளகு பறிக்கப் போய் ஆறு வருஷம், திரும்பவில்லை. அடையாளம் இடது கையில் அரிவாள் வெட்டு, சாமை அறுக்கையில் பட்டது.

"செத்தவங்க பட்டியல்ல தேடாத. உசுரோட இருக்கறவங்கள்ல மட்டும் பாரு" என்று முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டாள்.

வினை அதில்தான் வந்தது. 'இறந்தவர், அடக்கம் செய்யப்பட்டவர் நீங்கலாக' என்று அடைப்புக்குறி போட்டுக் கேட்டால் புரோகிராம் படுத்துவிடும். கேள்வியைப் படித்துப் பிரிக்கிற பகுதி, வேண்டாத அடைப்புக்குறியை உதறிவிடும். திறந்த குறியெல்லாம் மூடப்பட்டதா என்று பார்க்கிற உள்சோதனையோ, உதறியதையும் சேர்த்து எண்ணும். கணக்கு இடிக்கும். கேள்வி சரிதான், சோதனைதான் தப்பு.

தமிழ்மொழி இதை விளக்கியதும், "வாட்ச்மேனே வழிமறிக்கிறான்னு சொல்லு" என்றாள் செல்லியம்மாள்.

"அதேதாங்க யக்கா."

"அவன வூட்டுக்கு அனுப்பிட வேண்டியதுதான?"

பக்கத்து மேசை தீனதயாளன் சிரித்தான். "நானும் அதத்தான் சொன்னேன். இந்தப் பொண்ணு கேக்க மாட்டேங்குது."

"சோதனைய எடுத்துட்டா நெஜமாவே தப்பான கேள்வியயும் உள்ள வுட்டுடும்" என்றாள் தமிழ்மொழி. "அப்புறம் அது சொல்ற பதில யாரு நம்பறது?"

தப்பு எங்கே என்று மூன்று நாள் தேடிய பிறகு, திருத்தம் ஒரே வரிதான். உதறுகிற இடத்திலேயே எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்தாள். பழைய கேள்விகளையெல்லாம் ஓட்டிப் பார்த்தாள். எதுவும் படுக்கவில்லை. கடைசியாகச் செல்லியம்மாளின் கேள்வி.

"ஓடிடுச்சுங்க யக்கா."

"இன்னா சொல்லுது?"

தமிழ்மொழி திரையைப் பார்த்தபடியே சொன்னாள். "யாரும் இல்லீங்க."

"அது ரிப்பேராச்சே."

"இப்ப ரிப்பேர் இல்லீங்க. சரியாத்தான் சொல்லுது."

செல்லியம்மாள் முந்தானை நுனியை விரலில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள். இத்தனை நாள் பொட்டிமேல் பழி போட முடிந்தது.

'நீங்கலாக' என்பதை எடுத்துவிட்டும் கேட்கலாம். அந்தக் கேள்வி முதல் நாளே ஓடியிருக்கும், எந்தத் திருத்தமும் வேண்டியிருக்காது. தமிழ்மொழி ஒரு தடவைகூட அதை ஓட்டிப் பார்த்ததில்லை. செத்தவர்களிலும் பார்க்கட்டுமா என்று இப்போது கேட்க வாயெடுத்தாள்.

"வலது கைன்னு போட்டுப் பாரேன்" என்றாள் செல்லியம்மாள்.

"இடதுன்னுதானங்க சொன்னீங்க?"

"சொன்னேன். ஆறு வருசமாச்சு இல்ல."

தீனதயாளன் எழுந்து வெளியே போனான். தமிழ்மொழி 'இடது' என்பதை அழித்துவிட்டு 'வலது' என்று அடித்தாள்.

"வயசயும் கொஞ்சம் கம்மி பண்ணிக்க, பாப்பா."