ரோட்டைக் கடந்த செருப்பு

1975ஆம் ஆண்டு மழைக்காலம் முடிந்த கையோடு, சபை மூப்பர் விநாசித்தம்பியின் செருப்பு தனியாக நடக்கத் தொடங்கியது. அதே மாதத்தில்தான் கெம்போங் மீன் விலை ஏறியது. டத்தோ கிராமாட் ரோட்டோரச் சாக்கடைக்குப் புது மூடி போட்டார்கள். பொழுது சாயும் நேரம். வீட்டுக்குள்ளே பிரம்பு நாற்காலியில் இரண்டு பாதத்தையும் தரையில் பதித்து அவர் வேதம் வாசித்துக்கொண்டிருந்தார். வாசலில் கழற்றி விட்டிருந்த நீல வார் ஜப்பான் சிலிப்பர் படியிறங்கி, ரோட்டைக் கடந்து, எதிர்வரிசையில் இருந்த வடிவம்மாள் வீட்டு வாசலில் போய், விருந்தாளி கழற்றிவைத்த மாதிரி ஒழுங்காக நின்றுகொண்டது. முதலில் பார்த்தவள் லோரோங் சந்து முனையில் தேங்காய்ப்பால் சோறு, நாசி லெமாக், விற்கும் சபூரா. இடது முதலில் இறங்கியது, வலது பின்னால் போனது, மோட்டார் சைக்கிள் ஒன்று வந்தபோது இரண்டும் ஓரமாக நின்று வழிவிட்டன என்று அவள் சொன்னாள். சபூரா பொய் சொல்கிறவள் இல்லை. சம்பல் காரத்தைப் பற்றி மட்டும்தான் கொஞ்சம் கூட்டிக் குறைத்துச் சொல்வாள்.

விநாசித்தம்பி யார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வேயில் கிராணி வேலைக்கு, கணக்கெழுதும் குமாஸ்தாவாக, வந்தவரின் மகன். தானும் ஒரு கப்பல் கம்பெனியில் கிராணி. சொந்தக்காரர்களில் பாதிப்பேர் கோயிலுக்குப் போகிறவர்கள்; இவர் பாட்டனார் காலத்திலேயே வேதக்காரர் ஆகிவிட்ட குடும்பம். குடி கிடையாது, சிகரெட் கிடையாது, குதிரைப் பந்தயம் நடக்கிற நாளில் அந்தப் பக்கத்து பஸ்ஸில்கூட ஏற மாட்டார். ஞாயிற்றுக்கிழமை கழுத்துப் பட்டன் வரை மாட்டிக்கொண்டு ஆராதனையில் வேதபாடம் வாசிப்பார். வேதத்தில், ஆசைப்பட்டு இழுத்த எசமானியின் கையில் மேலங்கியை விட்டுவிட்டுத் தப்பி ஓடினவரைப் பற்றி வாலிபர்களுக்கு அவர் பாடம் எடுத்தால், கேட்கிறவனுக்கு உடனே எழுந்து எங்காவது ஓட வேண்டும் போலிருக்கும். பிள்ளைகள் இருவரும் கோலாலம்பூரில். வீட்டில் அவரும் மனைவி தவமணியும் மட்டும்தான்.

வடிவம்மாள் பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். புருஷன் செத்துப்போய், பூங்காவனம் என்ற ஒரே மகளை வைத்துக்கொண்டு தலைநிமிர்ந்து வாழ்ந்தவள். சாயங்காலம் அவள் வேலை விட்டு நடந்து வந்தால் லோரோங் முழுக்க வெண்ணெயும் சீனியும் வெந்த வாசனை வரும். ஒருநாள் அவள் வீட்டுத் தண்ணீர்க் குழாய் உடைந்து, விநாசித்தம்பி போய்ச் சரிசெய்து கொடுத்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். சிவப்பு சிமெண்டுத் தரை. பாதத்தில் ஜில்லென்று ஏறியது. அவள் துண்டை நீட்டியபோது அந்த வாசனை இரண்டு அடி தூரத்தில் நின்றது. ரொம்ப நன்றி அண்ணே என்றாள், அவர் ஒரு கிளாஸ் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்துவிட்டார். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் வீட்டுக்கு வந்தபிறகும் பாதத்தில் அந்தக் குளிர்ச்சி இறங்கவில்லை. மனுஷன் பயந்துபோனார். அன்றிலிருந்து ரோட்டுப் பக்கத்து ஜன்னலைச் சாத்தினார், நாற்காலியைச் சுவர் பார்க்கத் திருப்பிப் போட்டார். மறுபடி குழாய் ஒழுகுகிறது என்று பூங்காவனம் வந்து கேட்டபோது, முகத்தைப் பார்க்காமலே, கூலிக்கு ஆள் கூப்பிட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டார். சோதனையை ஜெயித்துவிட்டோம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்த வாரத்தில்தான் செருப்பு கிளம்பியது.

அவர் சும்மா இருக்கவில்லை. ராஃபியா கயிற்றால் செருப்பை ஜன்னல் கம்பியில் கட்டினார். கயிறு அவிழ்ந்து கிடந்தது. இரும்புப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினார். உள்ளே தடதடவென்று உதைத்த சத்தத்தில் பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர் எலிப்பொறி கொண்டுவந்து கொடுத்தார். பட்டர்வொர்த் போகும் ஃபெரியிலிருந்து கடலில் வீசிப் பார்த்தார்; மறுநாள் அது உப்புப் பூத்து, கடற்பாசி ஒட்டி, வடிவம்மாளின் அதே வாசலில் நின்றது. சௌராஸ்தா பசாரில் புது ஜோடி வாங்கிவந்தார். வழி சொல்லிக்கொடுக்க ஆளில்லாமலே புதுச் செருப்பு முதல் நாளே போய்ச் சேர்ந்தது.  அன்றைக்குத்தான் அவருக்குக் கோளாறு செருப்பில் இல்லை என்பது தெரிந்துபோயிற்று.

இன்னொன்றும் இருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. செருப்பு அந்த வாசலைத் தொடும் நேரத்தில், நாற்காலியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் அவர் உள்ளங்காலில் அந்தச் சிவப்புத் தரையின் குளிர்ச்சி ஏறும். முழங்கால் வரைக்கும் வரும். கண் வேதப்புத்தகத்தில் இருக்கும், வாய் முணுமுணுக்கும், பக்கம் மட்டும் திரும்பாது. முதலில் அது வந்தபோது காலை நாற்காலிமேல் தூக்கிவைத்துக்கொண்டார். பிறகு காத்திருக்கத் தொடங்கினார். ஆபீசில் மத்தியானம் தாண்டியதும் கடிகாரத்தைப் பார்க்கிற பழக்கம் வந்தது. எல்லாவற்றுக்காகவும் ஜெபித்தவர், இந்தக் குளிர்ச்சி நின்றுபோக வேண்டும் என்று மட்டும் ஒருநாளும் ஜெபிக்கவில்லை. அந்த நினைப்பு ஞாயிற்றுக்கிழமை திருவிருந்து அப்பத்தோடு சேர்ந்து நாக்கில் வந்து நிற்கும். விழுங்கிவிடுவார்.

விஷயம் சபைக்கு எட்டியபோது முதலில் மூக்கைச் சுளித்தார்கள். பிறகு செருப்பு அங்கே நிற்கிற நேரத்தில் மூப்பர் இங்கே வெறுங்காலோடு ஜெபக்கூட்டத்தில் உட்கார்ந்திருப்பதைக் கண்ணாலேயே பார்த்தார்கள். அதன்பிறகு அவரைத் தலையில் தூக்கிவைத்து ஆடாத குறைதான். செருப்பே போனாலும் கால் போகவில்லையே, இவரல்லவா ஜெயங்கொண்டவர் என்றார்கள். அதைவிட, சாயங்காலம் போன செருப்பு விடிவதற்குள் திரும்பிவந்து அவர் வாசலில் நிற்பதுதான் எல்லாருக்கும் பெரிய ஆறுதல். பின்மாற்றத்தில் போனது மனந்திரும்பி வருகிறது என்று போதகர் அதை வைத்து இரண்டு பிரசங்கம் செய்தார். விநாசித்தம்பியும் அப்படித்தான் நம்பினார். காலையில் கதவைத் திறந்து செருப்பைப் பார்த்ததும், கர்த்தர் நேற்றையதை மன்னித்துவிட்டார் என்று எடுத்துக்கொள்வார். சாயங்காலம் மறுபடி நாற்காலியில் உட்காருவார். இப்படியே வருஷங்கள் போயின. கொம்தார் கட்டடம் மாடி மாடியாக எழும்பியது, அவர் தலை நரைத்தது, சாட்சி சொல்ல பாகான் டாலாமிலிருந்தெல்லாம் அவரைக் கூப்பிட்டார்கள்.

1981ஆம் ஆண்டு பூங்காவனத்தைப் பெண் பார்க்க சுங்கை பாக்காப்பிலிருந்து அய்யாக்கண்ணு குடும்பத்தோடு வந்தார். தோட்டத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், பையனுக்குப் புக்கிட் தெங்காவில் ஃபேக்டரி வேலை. நம் ஆட்கள் ஒரு வீட்டுக்குள் நுழையும் முன் எதைப் பார்ப்பார்கள்? வாசலில் கிடக்கும் செருப்பைத்தான். உள்ளே எத்தனை பேர், ஆணா பெண்ணா, வந்தவரா தங்கினவரா என்று அதிலேயே தெரிந்துவிடும். அய்யாக்கண்ணுவின் ஆட்கள் தங்கள் செருப்பைக் கழற்றும்போது அங்கே ஏற்கெனவே ஓர் ஆண்பிள்ளைச் செருப்பு நின்றது. உள்ளே போய்ப் பார்த்தால் ஆண்பிள்ளை இல்லை. வடிவம்மாள் மறைக்கவில்லை, அது எதிர்வீட்டு அண்ணன் செருப்பு, தானாக நடந்து வருகிறது, நான் என்ன செய்ய என்றாள். அய்யாக்கண்ணு அதை நம்பினார். தோட்டத்தில் இதைவிடப் பெரியதெல்லாம் பார்த்தவர் அவர். பலகாரத் தட்டைத் தொடாமல் எழுந்து நின்று, ஒன்றை மட்டும் கேட்டார்.

“செருப்பு தானா நடக்கும்மா, நான் இல்லைன்னு சொல்லல. ஆனா ஆளு வந்து பழகாத வீட்டுக்கு அதுக்கு எப்படி வழி தெரியும்?”

கேள்வி நியாயமானதாக இருந்தது. அவர்கள் காரில் ஏறிப் போய்விட்டார்கள். வடிவம்மாள் செருப்பைக் கையில் எடுக்கக்கூட இல்லை. நேராக ரோட்டைக் கடந்து வந்து, தவமணி வீட்டுப் படிக்குக் கீழேயே நின்று, அழாமல் பேசினாள்.

“அக்கா, உங்க வீட்டுக்காரரு நல்லவருன்னு ஊரே சொல்லுது. இருக்கட்டும். அவரு நல்லவரா இருக்கறதுக்கு எம்மவ வாழ்க்கதானா கெடச்சுது?”

உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த விநாசித்தம்பிக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. அவர் எழுந்து வரவில்லை. நான் அந்த வீட்டுப் படியை மிதித்து ஆறு வருஷமாகிறது, என்மேல் என்ன தப்பு என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அது உண்மைதான், அதனால் அதைப் பிடித்துக்கொள்வது சுலபமாக இருந்தது. வாயைத் திறக்காமல் இருந்துவிட்டால் இதுவும் அடங்கிவிடும் என்று ஒரு குரல் நயமாகச் சொன்னது. அந்தக் குரல் அவருக்குப் புதிது இல்லை. அன்றைக்கும் உள்ளங்காலில் குளிர்ச்சி ஏறிக்கொண்டுதான் இருந்தது. அது ஏறுவதை நினைத்து அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

மறுநாள் காலையில் கதவைத் திறந்தபோது வாசலில் செருப்பு இல்லை. அவர் படியில் உட்கார்ந்து காத்திருந்தார். வெயில் ஏறியது, ஆபீசுக்கு நேரமாகியது, செருப்பு வரவில்லை. கர்த்தர் கைவிட்டுவிட்டார் என்று அவர் முகத்தை மூடிக்கொண்டபோது, அடுப்படியிலிருந்து தவமணி வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமலே சொன்னாள்.

“நான் இண்டைக்குப் போகேல்லை.”

அவருக்கு விளங்கவில்லை.

“அது எப்பவாவது தானா வந்தது எண்டு நினைச்சீங்களோ? விடியக்காலமை சந்தைக்குப் போற சாட்டில நான்தான் எடுத்துக்கொண்டு வந்தனான். கீரைக்குக் கீழ ஒளிச்சுக்கொண்டு. இவ்வளவு வருஷமும். இனி என்னால ஏலாது.”

மனந்திரும்புதல் என்று ஊரெல்லாம் போய் அவர் சாட்சி சொன்னது இதைத்தான்.  அவர் மனதில் இருந்தது அவளுக்குத் தெரியும் என்பதே அவருக்குத் தெரியாது. அடுத்தவள் வாசலில் குனிந்து, புருஷன் செருப்பைப் பொறுக்கி, கங்கோங் கீரைக்கு அடியில் வைத்து, வழியில் பார்த்தவர்களுக்கு ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டு அவள் நடந்து வந்ததை நினைக்க நினைக்க, நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. சாகவில்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு இறங்கி நடந்தார்.

ஃபெரியில் கடந்து, பஸ் பிடித்து, சுங்கை பாக்காப்பில் இறங்கும்போது உச்சிவெயில். தார் ரோடு சுட்டுப் பாதம் கொப்பளித்தது. கோப்பிக் கடையில் நாலைந்து பேரோடு உட்கார்ந்திருந்த அய்யாக்கண்ணுவிடம் போய், நான்தான் அந்தச் செருப்புக்காரன் என்றார். அய்யாக்கண்ணு தனியாகப் பேசலாம் என்று எழுந்தார். வேண்டாம், எல்லாரும் கேட்கட்டும் என்று விநாசித்தம்பி நின்றபடியே சொன்னார்.

“ஒரே ஒரு வாட்டிதான் அந்த வீட்டுக்குப் போனேன், பைப் ரிப்பேர் பண்ண. அந்தம்மாவுக்கு இதுல ஒண்ணும் தெரியாது. ஆசை என்னோடது. செருப்பு போகட்டும்னு விட்டுட்டு, நான் வீட்டுல நல்லவனா உக்காந்திருந்தேன்.”

அய்யாக்கண்ணு அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“ஒரு வாட்டி போன வழி, ஆறு வருஷமாவா மறக்கல?”

“மறக்க மனசு இல்ல.”

 அய்யாக்கண்ணு அவரை உட்காரச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. கடைக்காரரிடம் ஒரு வாளித் தண்ணீர் கேட்டு வாங்கி அவர் காலடியில் வைத்தார். விநாசித்தம்பி பாதத்தை அதில் நனைத்துக்கொண்டார். அந்தக் குளிர்ச்சி வேறு மாதிரி இருந்தது.

அய்யாக்கண்ணுவின் மகனோடு பூங்காவனத்தின் கல்யாணம் அடுத்த தை மாதம் நல்லபடியாக நடந்தது. எதிர்வீட்டுக்கு வந்த பத்திரிகையில் தவமணியின் பெயர் மட்டும் இருந்தது. அவள் போய், பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தாள். சபை விநாசித்தம்பியை மூப்பர் பதவியிலிருந்து எடுத்துவிட்டது. ஆசைப்பட்டதற்காக இல்லை, ஆசைப்படாதவர் யார்? அவர் சாட்சியைக் கேட்டு அத்தனை பேர் கண்ணீர் விட்டிருந்தார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. அவர் கடைசி வரிசைக்குப் போனார். தவமணி முதல் வரிசையிலேயே உட்கார்ந்தாள். வீட்டில் அவர் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள்.

செருப்பு நிற்கவில்லை. இதையும் சொல்லிவிட வேண்டும், நின்றுவிட்டது என்று சிலபேர் கதை கட்டுகிறார்கள். ஒவ்வொரு சாயங்காலமும் அது படியிறங்கியது. ஆனால் நாற்காலி இப்போது ரோட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அது கிளம்பியதும் இவரும் கிளம்பி, வெறுங்காலோடு பின்னால் ஓடி, வடிவம்மாள் வீட்டுச் சாக்கடையைத் தாண்டும் முன் குனிந்து பொறுக்கிக்கொண்டு திரும்புவார். முதல் வருஷம் பலநாள் பிடிக்க முடியாமல், அந்த வாசலில் நின்று எடுத்து, மன்னிச்சிடுங்க அம்மா என்று சாத்தியிருந்த கதவுக்குச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். போகப்போக நடுரோட்டிலேயே பிடித்துவிட்டார். லோரோங் பிள்ளைகள் கூட ஓடுவார்கள். மூட்டுவலி வந்த பிறகும் விடவில்லை. சபூரா அந்த நேரத்தில் தன் சைக்கிளை ரோட்டிலிருந்து எடுத்து வழிவிட்டு வைப்பாள், மழைக்குத் துணி எடுப்பது மாதிரி.

கடலுக்கு மேலே பெருநிலத்துக்குப் பாலம் திறந்த வருஷம் அவருக்குக் கடுமையான காய்ச்சல் வந்தது. பொழுது சாயும்போது வாசலில் சத்தம் கேட்டது, செருப்பு படியிறங்கிக்கொண்டிருந்தது. கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழும்பப் பார்த்தார். தவமணி அவர் தோளை அழுத்திப் படுக்க வைத்தாள்.

“படுங்கோ. நான் போறன்.”

அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு, எல்லாரும் பார்க்க ரோட்டில் இறங்கி, சாக்கடை ஓரம் வரை போய், செருப்பை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தாள். கையில் பை எதுவும் இல்லை. வாசலில் தன் செருப்புக்குப் பக்கத்தில் அதை வைத்துவிட்டு உள்ளே வந்தபோது விநாசித்தம்பி அழுதுகொண்டிருந்தார். நீ மன்னிச்சிட்டியோ என்று அவர் கேட்டார்.

“அதைக் கேக்காதேங்கோ,” என்றாள் தவமணி. “கஞ்சி ஆறுது, குடியுங்கோ.”

அவர் குடித்தார். மறுநாள் சாயங்காலம் காய்ச்சல் விட்டிருந்தது. செருப்பு வழக்கம்போல் கிளம்பியது, அவர் பின்னால் போனார்.