பறவையின் கடைசி விரல்

அருங்காட்சியகத்துப் பறவை என்றால் இறக்கை விரித்து நிற்கும் என்று நினைப்பார்கள். எங்களிடம் இருப்பவை வயிற்றில் பஞ்சடைத்து, காலில் சீட்டுக் கட்டி, இழுப்பறைகளில் மல்லாக்கப் படுத்திருப்பவை. ஒஸ்லோவில் பதினெட்டு வருடமாக அவற்றைப் பராமரிப்பதுதான் என் வேலை.

அந்தத் தீவுப் பறவையின் இனம் அழிந்து நூறு வருடத்துக்கு மேலாகிறது. உலகத்தில் மிச்சம் இது ஒன்றுதான். அது தனி இனமா என்று மரபணுவை வைத்துக் கண்டுபிடிக்க, கால்விரலின் அடித்தோலில் அரிசிமணியளவு வேண்டும். மற்ற விரல்களையெல்லாம் முன்பு வந்தவர்கள் ஆளுக்காள் வெட்டித் தீர்த்துவிட்டார்கள். மிஞ்சியது ஒரே ஒரு விரல். யதுர்ஷாவின் முனைவர் ஆய்வு முழுவதும் அதை நம்பித்தான் இருந்தது. இங்கேயே ஒஸ்லோவின் குரோருட் பகுதியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை, மூன்று வருடம் அலைந்து அனுமதி வாங்கியிருந்தாள்.

வெட்டியது நான். கையுறை, முகக்கவசம் எல்லாம் சரி. கத்தியை வைக்கப்போன நேரத்தில் மனம் கேட்கவில்லை. அந்தக் காலைத் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டேன். புத்தகத்தில் கால் பட்டால் செய்வோமே, அதே பழக்கம். பிறகு கையுறையை மாற்றாமல் அப்படியே வெட்டினேன்.

ஆறு வாரம் கழித்து முடிவு வந்தது. கிடைத்ததெல்லாம் மனித மரபணு. பறவையுடையது ஒன்றுமே தேறவில்லை. எடுத்த தோலும் தீர்ந்துவிட்டது.

"நான்தான் எங்கையோ பிழை விட்டிட்டன் அன்ரி," என்று யதுர்ஷா அழுதாள். "பொறுப்பாளர் ஆன்ட்ரியாஸும் அப்பிடித்தான் நினைக்கிறார். இனி என்னை லாப்புக்குள்ளை விடமாட்டினம்."

வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அன்று மத்தியானம் வரை மூடிக்கொண்டுதான் இருந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

"பிழை உன்ரையில்லை பிள்ளை. வெட்டமுன்னம் அதின்ரை காலைத் தொட்டுக் கண்ணிலை ஒத்தினனான். அந்தக் கையாலைதான் வெட்டினனான்."

"ஏன் அன்ரி?"

"பாவமாக் கிடந்தது."

"அப்ப என்ரை மூண்டு வருசம்?"

இருவரும் ஆன்ட்ரியாஸிடம் போனோம். என் உட்கன்னத்தில் பஞ்சால் தேய்த்து எடுத்து, ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பொருந்தியது. யதுர்ஷாவை ஆய்வுகூடத்தில் தொடர விட்டார்கள், வேறு பறவையோடு. என்னோடு அவள் கதைப்பதில்லை. கோபிக்க அவளுக்கு உரிமை இருக்கிறது.

பதிவேட்டில் அந்தப் பறவைக்குரிய பக்கத்தை நான்தான் நிரப்ப வேண்டியிருந்தது. இனம் என்ற இடத்தை வெறுமையாக விட்டேன். பெறப்பட்ட மரபணு யாருடையது என்ற இடத்தில், வசந்தமலர் குலேந்திரன் என்று என் பெயரை எழுதினேன்.