கூடினால் குறையும்

குப்பியின் மூடியில் நாலு உருண்டைகளைச் சாய்த்து, கை படாமல் வாயில் கவிழ்த்துக்கொண்டார் கருத்தக்கண்ணன். அறுபதைத் தாண்டிய மனுசன், திருவிழா மிட்டாயைச் சப்பும் பிள்ளை மாதிரி கண்ணை மூடி நாக்கில் கரையவிடுவதைப் பார்த்து மனைவி அன்னக்கொடிக்கு அன்றும் சிரிப்பு வந்தது.

“சிரிக்காத. நெஞ்சுக்குள்ள நேத்தைவிட இன்னைக்கு வலி கூட இருக்கு. மருந்து வேலைய ஆரம்பிச்சிருச்சு.”

“எனக்கும் மொதல்ல அப்படித்தான இருந்துச்சு. கூடித்தான் கொறையும்,” என்றாள்.

கதவைச் சாத்திவிட்டு இருவரும் கண்மாய்க்கரைக்கு நடக்கக் கிளம்பினார்கள். ஆனையூரில் அப்போது வயசானவர்கள் வேலை இல்லாமல் நடப்பது வழக்கமில்லை. எதிரே வருகிறவர்கள் எங்கே என்று கேட்பார்கள். “சும்மாதான்” என்று சொல்ல இருவருக்குமே கூச்சமாக இருக்கும். கருத்தக்கண்ணன் தோளில் ஒரு மண்வெட்டியைப் போட்டுக்கொள்வார்.

இந்த மருந்து வீட்டுக்குள் வந்தது அன்னக்கொடியின் முழங்காலால்தான். இரண்டு வருசமாக அவளால் தரையில் உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் எழ முடியவில்லை. எழுந்திருக்கச் சுவர் வேண்டும், தூண் வேண்டும், யாருடைய கையாவது வேண்டும். ஊசி போட்டாயிற்று, எண்ணெய் போட்டாயிற்று. கடைசியில் யாரோ சொல்லி, காளவாசலில் சைக்கிள் கடை மாடியில் ஓமியோபதி பார்க்கும் துளசிராமிடம் போனாள். ஆபீஸ் உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஜனங்கள் சீனி உருண்டை டாக்டர் என்பார்கள்.

அவர் காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பீங்க, மழை வந்தா வலி கூடுமா, தாகம் எப்படி, தனியா இருக்கும்போது அழுவீங்களா என்றெல்லாம் கேட்டார். அவள் பிறந்ததிலிருந்து யாரும் அவளிடம் கேட்காத கேள்விகள். பதில் சொல்வதற்குள் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. காப்பி கூடாது, பச்சை வெங்காயம் கூடாது, ராத்திரிச் சோற்றை விடணும், காலையில் நடக்கணும் என்று அடுக்கிவிட்டு, “முதல்ல கொஞ்சம் கூடும். பயப்படாதீங்க அம்மா. உள்ள கிடக்கிறத மருந்து கிளறிவிடுது. கூடினாத்தான் குறையும்,” என்றார்.

சொன்ன மாதிரியே கூடியது. முழங்கால் இரண்டும் பனங்காய் போல வீங்கின. அவள் அழுதுகொண்டே நடந்தாள். பிறகு மெல்ல மெல்ல வடிந்து, ஒரு நாள் கத்தரிப் பாத்தியில் குத்துக்காலிட்டுக் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். உருண்டையாலா, நடையாலா, ராத்திரிச் சோறு இல்லாமல் உடம்பு இளைத்ததாலா, அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் தோன்றவில்லை.

அதுவரை கேலி பேசிய கருத்தக்கண்ணன் வரப்பில் நின்று வெகுநேரம் பார்த்தார். மறுவாரம் வாயு என்று சொல்லித் தானும் மாடியேறினார். புகையிலையை விட்டார். அன்னக்கொடியின் அண்ணன் சோணை, “பொண்டாட்டிக்குப் பயந்து விட்டவன பாத்திருக்கேன். சீனி உருண்டைக்குப் பயந்து பொகையிலய விட்டவன் நீ ஒருத்தன்தான் மாப்ள,” என்பார். “இன்னும் இருவது வருசம் இருந்து ஒன்னயத் தூக்கிப் போட்டுட்டுத்தான்டா போவேன்,” என்பார் இவர்.

அன்று கரையேறியதும் அவர் நடை தளர்ந்தது. மதகுக் கல்லில் உட்கார்ந்து மண்வெட்டியைக் கீழே வைத்தார். “நீ போயிட்டே இரு. பின்னாலயே வாரேன்,” என்றார். அவளுக்குக் கால் நன்றாக இருந்தது. விரசாக நடக்க ஆசையாகவும் இருந்தது. புளியமரம் வரைக்கும் போய்த் திரும்பிப் பார்த்தபோது அவர் மதகில் சாய்ந்திருந்தார். வெயில் முகத்தில் அடிக்க, தலையைக்கூடத் திருப்பவில்லை.

மூன்றாம் நாள் சுடுகாட்டில் பால் தெளித்துவிட்டு வந்து ஆம்பிளைகள் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். நாத்தனார் மாயக்காள் காலையிலிருந்து ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்தாள். “கல்லு மாதிரி இருந்த எங்கண்ணன சீனியத் தின்னக் குடுத்துக் கொன்னுட்டான்.” மூத்த மகன் நல்லகாமன் சோணையோடு காளவாசலுக்குக் கிளம்பச் சட்டையை மாட்டியிருந்தான். எதற்குப் போகிறார்கள் என்று யாரும் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அவர்கள் தெருவில் இறங்குவதற்குள் துளசிராமே கேதம் கேட்க வந்துவிட்டார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, வேர்த்துப்போய், யாரைக் கும்பிடுவது என்று தெரியாமல் பொதுவாகக் கும்பிட்டார். நல்லகாமன் எழுந்து சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான்.

“எங்கய்யாவுக்கு என்னத்தக் குடுத்தீரு?”

“வாயுன்னாரு தம்பி, அதுக்குத்தான் குடுத்தேன். நெஞ்சு வலின்னு ஒரு வார்த்தை சொல்லலையே. சொல்லியிருந்தா அன்னைக்கே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பேனே.”

“இப்பச் சொல்லுவீரு. செத்தவன் வந்து சாட்சியா சொல்லப்போறான்?” என்று சோணை வேட்டியை மடித்துக் கட்டினார்.

உள்ளே பாயில் உட்கார்ந்திருந்த அன்னக்கொடிக்கு எல்லாம் கேட்டது. சாட்சி சொல்ல அவள் ஒருத்திதான் இருந்தாள். நெஞ்சுக்குள்ளே கூடியிருக்கிறது என்று அவர் சொன்னது அவளிடம். கூடித்தான் குறையும் என்று சொன்னது அவள். வாயைத் திறக்காமல் இருந்தால் அந்த மனுசருக்கு அடி விழும். திறந்தால் இந்த வீட்டில் இனி அவள் எந்த முகத்தோடு இருப்பாள்? அலுப்பாக இருந்தது. மூன்று நாளாக அழுத அலுப்பு இல்லை. அதற்கும் அடியில் கிடந்த ஏதோ ஒன்று.

“நல்லகாமா, அவர விடு,” என்றாள்.

நல்லகாமன் கைப்பிடியை விடாமல் உள்ளே திரும்பிப் பார்த்தான்.

“எங்கிட்ட சொன்னாரு. நெஞ்சுக்குள்ள கூடியிருக்குன்னு. கூடித்தான் கொறையும்னு நாந்தான் சொன்னேன். எனக்குக் கூடுச்சு, கொறஞ்சுச்சு. அவருக்குக் கூடுச்சு.”

நல்லகாமன் நிலைப்படியில் வந்து நின்றான். “என்னாத்தா சொல்ற?” என்றான். மிரட்டலாக இல்லை. கெஞ்சுவது போல இருந்தது. சைக்கிளைப் பிடித்தபடி நின்ற துளசிராமின் உதடு வறண்டு வெளுத்திருப்பது நிலைப்படி வழியாக அவளுக்குத் தெரிந்தது.

“வந்தவருக்கு ஒரு செம்புத் தண்ணி குடுக்கலையா யாரும்?”

“நீ ஒக்காரு மதினி, நான் குடுக்குறேன்,” என்று மாயக்காள் எழப் பார்த்தாள். அவளுக்குத் தொடை மரத்துப்போயிருந்தது. தூணைத் தேடினாள். அதற்குள் அன்னக்கொடி எழுந்துவிட்டாள். சுவரைத் தொடவில்லை, கையை ஊன்றவில்லை. ஒரே மூச்சில் எழுந்து நின்றாள். சுற்றியிருந்த பெண்கள் அனைவரும் அவள் முகத்தை விட்டுவிட்டு முழங்காலைப் பார்த்தார்கள்.

அவள் தண்ணீர்ப் பானையிடம் போனாள். செம்பை முக்கப் போனவள் நின்று, உடம்பின் பாரம் முழுவதையும் வலது காலில் இறக்கி அழுத்தினாள். கொஞ்சம் காத்திருந்தாள். இடது காலிலும் அழுத்திப் பார்த்தாள்.

வலிக்கவில்லை.