நாற்பதாவது வரியில் சைபர்

கணக்கில் பிழை என்று யாராவது சொன்னால் டன்லப் ஸ்ட்ரீட் சம்சுன்னிசா முதலில் சிரிப்பாள், பிறகு முறைப்பாள். அந்தத் திங்கட்கிழமை இரண்டும் வரவில்லை. சொன்னவர் பௌதிக விரிவுரையாளர் அழகப்பன். அவருக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்கும் அவளுடைய தற்காலிக கிளார்க் வேலையை நிரந்தரமாக்கலாமா என்று வெள்ளிக்கிழமைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டியவரும் அவரேதான்.

1967ஆம் வருடம். முடியைப் போல மெல்லிய கண்ணாடி இழைக்குள் வெளிச்சத்தை ஓடவிட்டுப் பேச்சை அனுப்பலாம் என்று சீமையில் சிலர் சொல்லத் தொடங்கியிருந்தார்கள். அழகப்பனுக்கும் அந்தப் பித்து பிடித்துவிட்டது. ஒட்டினாற்போல் கிடக்கும் இரண்டு இழைகளில் ஒன்றில் மட்டும் வெளிச்சம் விட்டால் என்ன ஆகும்? அது இரண்டு விதமாக, சற்றே வேறுபட்ட வேகங்களில் ஓடும். அந்த இரண்டையும் கூட்டி வர்க்கம் எடுத்தால், முதல் இழையில் நூற்றுக்கு எவ்வளவு மிச்சம் என்று தெரியும். கூட்டுவதற்குத்தான் கைப்பிடி வைத்த கணக்கு மெஷினும் சம்சுன்னிசாவும். முன்னால் சுற்றினால் கூட்டும், பின்னால் சுற்றினால் கழிக்கும்.

இழை நெடுகிலும் வரிக்கு ஓர் இடமாகப் போட்டுக்கொண்டே போனதில், நூறில் தொடங்கிய எண் இறங்கி இறங்கி நாற்பதாவது வரியில் சைபராகியிருந்தது. அழகப்பன் அதைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டு, பக்கத்தில் ‘கவனக்குறைவு’ என்று எழுதியிருந்தார். தமிழ் தெரியாத மற்ற கிளார்க்குகளுக்குப் புரியாதபடி தமிழில் எழுதினாரே, அந்த மட்டும் நல்ல மனுஷன்.

“பாதிப் பாதியா பிரிஞ்சு நிக்கும்னு பார்த்தா, ஒண்ணுமே இல்லங்கிறீங்க. நடுவுல எங்கேயோ கைப்பிடியைப் பின்னால சுத்திட்டீங்க. வெளிச்சம் என்ன, ஆவியாவா போயிருக்கும்?” என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனார்.

அவளுக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் கேள்வி நியாயமான கேள்விதான். எங்கே போயிருக்கும்?

அவர் கொடுத்த தாளைத் திருப்பிப் பார்த்தாள். அடியில் இரண்டாவது இழைக்கான சூத்திரமும் இருந்தது. நேரம் மிச்சமாகட்டும் என்று ‘இது வேண்டாம்’ எனக் குறித்திருந்தார். அதே எண்கள்தான், கூட்டுவதற்குப் பதில் கழிக்க வேண்டும், அவ்வளவே. சாப்பாட்டுப் பொட்டலத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு, எந்தத் தப்பைச் செய்தாள் என்று சொன்னாரோ அதையே வேண்டுமென்று செய்தாள். கைப்பிடியைப் பின்னால் சுற்றினாள்.

முதல் வரியில் சைபர். பத்தாவதில் பதினைந்து. இருபதில் ஐம்பது. நாற்பதாவது வரியில் நூறு. நம்பாமல் மறுபடி சுற்றினாள். நூறேதான். சந்தோஷத்தில் தனியாகச் சிரித்துக்கொண்டாள்.

வகுப்பு முடிந்து வந்த அழகப்பன் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எந்த வரியின் இரண்டு எண்களைக் கூட்டினாலும் நூறு வந்தது.

“அடடா! முழுசா பக்கத்து இழைக்குப் போயிடுச்சு லா! பாதிக் கணக்கை மட்டும் கேட்டுட்டு, முழு வெளிச்சத்தையும் அதுலயே தேடியிருக்கேன்!” அவர் அசடு வழிய ரப்பரை எடுத்தார்.

“அழிக்காதீங்க சார்,” என்றாள். “இங்க எழுதினதை யாரும் அழிக்கக் கூடாது, திருத்திக் கையெழுத்துப் போடணும்னு முதல் நாளே சொன்னது நீங்கதான்.”

அழகப்பன் அவளைப் பார்த்தார். ரப்பரைக் கீழே வைத்தார். சிவப்புப் பென்சிலாலேயே ‘கவனக்குறைவு’க்கு முன்னால் ‘என்’ என்று சேர்த்துவிட்டு, கீழே தேதி போட்டுக் கையெழுத்திட்டார்.