நாற்பது நிமிடச் சண்டை

மருமகள் ஒரு மாதமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். வேலை என்னவோ அவளுக்குப் பிடித்த வேலைதான். இருபது வருடத்துக்கு முன் வந்த ஒரு வீடியோ கேம். நாலு பேர் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுக் கடைசியில் மலை உச்சியில் ஒரு பூதத்தோடு மோதும் கதை. அதன் இசையை அறுபது பேர் வாசிக்கும் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு ஏற்றபடி எழுதி ஆல்பமாக்க வேண்டும். பதினோரு உருப்படி முடிந்தாயிற்று. பன்னிரண்டாவது, அந்தப் பூதச் சண்டை, முடிய மாட்டேன் என்று அடம்பிடித்தது.

கேம் இசைக்கு அப்படி ஒரு வியாதி. சண்டை நடக்கும்வரை சுற்றிச் சுற்றி வரும். பூதம் விழுந்தால் பட்டென்று நின்றுவிடும். ஆர்க்கெஸ்ட்ராவில் அறுபது பேரும் பாதியில் வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போக முடியுமா? இசையமைத்த அம்மையாருக்கு எழுதிக் கேட்டாள். "முடிவு கேமிலேயே இருக்கிறது" என்று ஒரே வரியில் பதில் வந்தது. கணவன் தன் பங்குக்கு மூன்று முறை பூதத்தை வீழ்த்திப் பார்த்தான். ஒவ்வொரு முறையும் நாலே நிமிடம். இணையத்துச் சூரர்களோ இரண்டு நிமிடத்தில் கதையை முடித்திருந்தார்கள். எல்லாவற்றிலும் அதே சுற்றுதான் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குள் இசைக்குறிப்பை அனுப்பியாக வேண்டும். மறுநாள் ஒலிப்பதிவு, அம்மையாரே நேரில் வருகிறாராம். இரண்டரை மணிக்கு மருமகள் தானாகவே ஒரு முடிவைக் கட்டி, பியானோவில் வாசித்துப் பார்த்தாள். டமடமவென்று நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்தவர் சட்டையைப் போட்டுக்கொண்ட மாதிரி அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

சோபாவில் துணி மடித்துக்கொண்டிருந்த மாமியார் நிமிர்ந்தார்.

"ஏம்மா, அந்த அழுகையை விட்டுட்டியே?"

"எந்த அழுகை அத்தை?"

"முரசெல்லாம் நின்னுபோய் ஒரு குழல் மட்டும் அழுமே, அது."

கணவன் சிரித்துவிட்டான். "அம்மா, நீ வேற ஏதோ கேமைச் சொல்ற. நானே மூணு தடவை முடிச்சிருக்கேன்."

மாமியார் முப்பத்திரண்டு வருடம் நர்ஸாக இருந்தவர். ஓய்வு பெற்றபின் மகனுடைய பழைய கேம் பெட்டியைத் தூசி தட்டி எடுத்து, தினமும் மத்தியானம் ஆடுவார். அவர் ஆடுவதை ஐந்து நிமிடத்துக்கு மேல் பார்த்துக்கொண்டிருக்க யாருக்கும் பொறுமை கிடையாது. நாலு பேரில் ஒருவனுக்கு லேசாகக் கீறினாலும் மருந்து. எல்லோருக்கும் உடம்பு முழுசாகத் தேறினால்தான் பூதத்தின் மேல் ஓர் அடி. அதற்குள் பூதம் திருப்பி இரண்டு கொடுத்துவிடும். மறுபடி மருந்து.

மருமகளுக்குச் சுரீரென்று உறைத்தது.

"அத்தை, உங்க சண்டை எவ்வளவு நேரம் நடக்கும்?"

"எனக்கென்ன கெட்டிக்காரத்தனமா ஆடவா தெரியும்? நாப்பது நிமிஷம் ஆகும்."

சண்டை தொடங்கும்போது மணி இரண்டே முக்கால். மருமகள் பென்சிலும் தாளுமாகத் தரையில் உட்கார்ந்தாள்.

"அடிம்மா! இப்ப அடிச்சா செத்துடும்!" என்று மகன் துடித்தான்.

"சும்மா இருடா. வில்லுக்காரிக்கு விஷம் ஏறியிருக்கு, கண்ணு தெரியலையா?"

"அடிக்காதீங்க அத்தை! நல்லா மருந்து குடுங்க!"

மாமியாரும் மருமகளும் அந்த வீட்டில் ஒரே கட்சியில் சேர்ந்தது அன்றுதான். இருபது நிமிடம் ஆயிற்று, அதே சுற்று. முப்பது ஆயிற்று, அதே சுற்று. மருந்துப் பையில் மூன்று குப்பிதான் மிச்சம். மகன் கடிகாரத்தைப் பார்த்து உச்சுக் கொட்டினான். மாமியார் முகம் சுண்டிப்போயிற்று.

"நான் பொய் சொல்லலைடா" என்றார் மெதுவாக.

முப்பத்தெட்டாவது நிமிடத்தில் முரசு நின்றது. ஒற்றைக் குழல் எழுந்தது. மகன் வாயைப் பிளந்தான். குழல் இறங்கி இறங்கி ஓய்ந்தது. பழைய சுற்று திரும்பி வரவேயில்லை. அதுதான் முடிவு. மருமகள் அத்தையின் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு மேசைக்கு ஓடினாள். குறிப்பு போய்ச் சேர்ந்தபோது நாலடிக்க இரண்டு நிமிடம் இருந்தது.

மறுநாள் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஓபோ என்ற குழல் அந்தக் கடைசி இழையை வாசித்து முடித்ததும், இசையமைத்த அம்மையார் இருந்த இடத்திலிருந்து எழுந்தேவிட்டார்.

"இது எப்படிக் கிடைச்சுது? யார் கேட்டாங்க?"

மருமகள், தான் கூட்டி வந்து பின்னால் உட்காரவைத்திருந்த மாமியாரைக் கை காட்டினாள். மாமியார் ஏதோ தப்பு செய்துவிட்டவர் போல எழுந்து நின்றார். அம்மையார் விடுவிடுவென்று போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஜெயிக்க முடியலைன்னாலும் விட்டுட்டுப் போகாம நிக்கிறவங்களுக்குன்னு எழுதினேங்க. இருபது வருஷமா ஒருத்தர்கூட இதைப் பத்திப் பேசினதில்லை. சரி, அப்புறம் பூதத்தை ஜெயிச்சீங்களா?"

"எங்க ஜெயிக்கிறது? அது அழுவுதுன்னு தெரிஞ்சப்புறம் கை வரலைங்க. ஒவ்வொரு தடவையும் பெட்டியை அணைச்சிட்டு எழுந்துடுவேன்." மாமியார் கொஞ்சம் தயங்கினார். பிறகு கேட்டே விட்டார்: "அதுக்கும் ஒரு வாய் மருந்து குடுக்கிற மாதிரி வச்சிருக்கக் கூடாதா நீங்க?"