நீள வால் கையெழுத்து

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான்கு பேர் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து என் கையெழுத்தைப் புகழ்வார்கள். அது என் கையெழுத்து என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவ்வளவு மனதாரப் புகழ்ந்திருப்பார்களா என்பது வேறு விஷயம்.

நால்வருக்கும் கிட்டார் பைத்தியம். பஸ் ஓட்டும் என் தம்பி, ஒரு பல் டாக்டர், தண்ணீர் மீட்டர் பார்ப்பவர், நாற்காலி வாடகைக்கு விடுபவர். நால்வரிடமும் இருப்பது ஒரே கம்பெனியின் கிட்டார். அந்தக் கம்பெனியின் ஆபீசில் நான் பதினோரு வருஷம் வேலை பார்த்தேன். அதனால் டீ கொடுக்கப் போகும்போதெல்லாம் எனக்கும் ஒரு நாற்காலி கிடைக்கும்.

அந்தக் கம்பெனியின் விளம்பரத்தைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. முதலாளி கண்ணை மூடிக்கொண்டு கிட்டாரின் மேல் பலகையில் காதை வைத்திருப்பார். கீழே, 'நான் கேட்காமல் எதுவும் வெளியே போவதில்லை.' ஒவ்வொரு கிட்டாரின் உள்ளேயும் ஒரு லேபிள் ஒட்டியிருக்கும். நடு ஓட்டை வழியாகப் பார்த்தால் தெரியும். 'இதை நானே கேட்டேன். மனம் நிறைந்த பிறகே கையெழுத்திடுகிறேன்' என்று அச்சடித்து, அதன் கீழே பேனாவில் முதலாளியின் கையெழுத்து.

"எல்லாம் காதுல பூ சுத்தற வேலை. மரத்துக்குப் பாதி விலை, கதைக்குப் பாதி விலை" என்பார் மீட்டர்காரர். திட்டிக்கொண்டே மூன்று கிட்டார் வாங்கியவர் அவர். "பேரு சும்மா வருமாய்யா?" என்பார் நாற்காலிக்காரர். டாக்டர் இருவரையும் கையமர்த்திவிட்டு வாலுக்கு வருவார்.

கையெழுத்தின் கடைசி எழுத்திலிருந்து ஒரு கோடு கீழே இறங்கி வலது பக்கம் ஓடும். அதுதான் வால். சில லேபிள்களில் அது நீளம், சிலவற்றில் குட்டை. முதலாளிக்கு மிகவும் பிடித்துப்போன கிட்டாருக்கு வால் நீண்டுவிடும், ஏனோதானோ என்று தேறியதற்குக் குட்டையாக நின்றுவிடும் என்பது டாக்டரின் கண்டுபிடிப்பு. ஊரிலுள்ள கிட்டார்காரர்கள் எல்லோரும் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்கள். டாக்டர் தன் தொழிலுக்கு வைத்திருக்கும் சின்னக் கண்ணாடியை ஓட்டைக்குள் விட்டு, கிட்டாரின் கடைவாய்வரை பார்த்துச் சொல்வார்: "நீள வால். என்ன நிம்மதியா போட்டிருக்கார் பாருங்க. ஒரு நடுக்கம் இல்ல."

எனக்கு உள்ளங்கால் வரை குளிர்ந்துவிடும். என்னை யாரும் எதற்காகவும் புகழ்ந்ததில்லை. படிப்பு சுமார், பாட்டு வராது, கல்யாணம் அமையவில்லை. இந்த ஒரு வாலைத்தான் நான்கு ஆம்பிளைகள் கண்ணாடி வைத்துப் பார்த்து உருகினார்கள்.

நடந்தது இதுதான். ஆரம்பத்தில் முதலாளியே கேட்டு, முதலாளியே கையெழுத்துப் போட்டார். அது பொய்யில்லை. நான் சேர்ந்த புதிதில் ஆர்டர் குவிந்தபோது ஒரு நாள் ஆபீசுக்குள் வந்து, "யாருக்கும்மா கையெழுத்து நல்லா வரும்?" என்றார். மற்றவர்கள் என்னைக் கைகாட்டினார்கள். இரண்டு நாள் பழகினேன். மூன்றாம் நாள் அவராலேயே வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. "இது இந்த ரூமுக்குள்ளேயே இருக்கட்டும்" என்றார். இருந்தது. மதியச் சாப்பாட்டுக்கு முன் இருநூறு லேபிள். அந்தக் கிட்டார்கள் அப்போது பலகையாகக்கூட அறுபட்டிருக்காது. முதல் மூன்று வருஷம் வேலை போய்விடுமோ என்ற பயத்தில் வாலை இழுத்து இழுத்துப் போட்டேன். அப்புறம் மணிக்கட்டு வலி வந்தது. வால் குட்டையானது. டாக்டர் மெச்சிய நீள வாலின் பொற்காலமும் அதன் வீழ்ச்சியும் என் வலது கைக்குள் நடந்து முடிந்தவை.

இதைச் சொல்லியிருக்கலாம். சொல்லாததோடு நிறுத்தவுமில்லை. "அவர் கையெழுத்து போடறத பார்த்திருக்கீங்களா அக்கா?" என்று ஒரு முறை டாக்டர் கேட்டபோது, "போடறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் கண்ணை மூடுவாரு" என்று அளந்துவிட்டேன். அடுத்த மாதம் மீட்டர்காரர் அதையே எனக்குத் திருப்பிச் சொன்னார்.

நான்கு மாதத்துக்கு முன் தம்பி புதுக் கம்பி மாட்டுவதற்காகக் கூடத்திலேயே பழைய கம்பிகளைக் கழற்றினான். அதுவரை தம்பி யாரிடமும் கொடுக்காத கிட்டாரைக் கம்பியில்லாமல் கண்டதும் டாக்டருக்குக் கை சும்மா இருக்கவில்லை. கண்ணாடியை உள்ளே விட்டார்.

"குட்டை வால்ப்பா" என்றார், பல்லைப் பிடுங்கத்தான் வேண்டும் என்று சொல்கிற குரலில்.

தம்பி சிரித்தான். அவனுக்கு வேலை கிடைத்தபோது என் போனஸில் நான் வாங்கிக் கொடுத்த கிட்டார் அது. பத்தொன்பது வருஷமாக அதைத் தவிர வேறு எதையும் அவன் தொட்டதில்லை. அந்த நால்வரில் நிஜமாக வாசிக்கத் தெரிந்தவனும் அவன்தான். மற்ற மூவரும் கிட்டார் வைத்திருப்பவர்கள், அவ்வளவுதான்.

ஆனால் அந்தச் சொல் அவன் காதுக்குள் புகுந்துகொண்டது. ஒரு வாரம் கழித்து, "தடிக் கம்பி சத்தம் அடைக்குதுக்கா" என்றான். கம்பியை மாற்றினான். கம்பிக்கு அடியிலிருக்கும் எலும்புத் துண்டை மாற்றினான். இரண்டு வரி வாசிப்பான், நிறுத்துவான், தலையைச் சாய்த்துக் கேட்பான், பெட்டிக்குள் வைத்துவிடுவான். பிறகு பெட்டியைத் திறப்பதையே விட்டுவிட்டான். டியூட்டி முடிந்து வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"வீடு வீடு மாதிரியே இல்ல அண்ணி. பேசவும் மாட்டேங்கறாரு. நீங்க சொன்னா கேப்பாரு" என்றாள் அவன் மனைவி. நான் என்ன சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தெரியும். சொன்னால் என்ன போகும் என்பதும் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை டாக்டர் ஒரு நீள வால் கிட்டாரோடு வந்தார். வெளியூருக்குக் குடிபோகும் நண்பருடையதாம். தம்பியின் கிட்டாரைக் கொடுத்துவிட்டு மேலே கொஞ்சம் போட்டால் மாற்றிக்கொள்ளலாம். தம்பி அதை மடியில் வைத்து நாலு ஸ்வரம் வாசித்தான். நாற்காலிக்காரர் "ஆஹா" என்றார். தம்பி என் பக்கம் திரும்பி, "இத எடுத்துக்கட்டுமாக்கா?" என்றான். நான் வாங்கிக் கொடுத்ததால் என் அனுமதி வேண்டும் அவனுக்கு. முகத்தில் ஆசையில்லை. தோற்றுப்போனவன் கேட்பது போலக் கேட்டான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

டீத் தட்டைக் கீழே வைத்தேன். டாக்டர் சட்டைப்பையிலிருந்து பேனாவையும் மருந்துச் சீட்டையும் உருவி, சீட்டிலேயே கையெழுத்துப் போட்டேன். ஒன்று குட்டை வால், ஒன்று நீளம், ஒன்று நடுவாந்தரம்.

டாக்டர் பார்த்தார். "அட, அப்படியே காப்பி அடிக்கிறீங்களே!"

"காப்பி இல்ல டாக்டர். பதினோரு வருஷம் இதான் என் வேலை."

டாக்டர் சிரிக்க முயன்றார். "சும்மா வம்புக்கு இழுக்காதீங்க அக்கா. கேட்டுட்டுத்தானே போடுவாரு..."

"அசல் லேபிளை எப்படிக் கண்டுபிடிப்பீங்க? நீங்களே சொல்லுங்க."

"லேபிளோட ஓரம், உள்ள அடிப்பலகையில ஒட்டியிருக்கற குறுக்குக் கட்டைக்கு அடியில போயிருக்கும்" என்றார், பாடம் ஒப்பிப்பது போல.

"அந்தக் கட்டை எவ்வளவு நீளம்? நடு ஓட்டை வழியா உள்ள போகுமா?"

"போகாது. அதை ஒட்டின பிறகுதான் மேல் பலகையை வச்சு..." நிறுத்திவிட்டார்.

"மூடுவாங்க. கட்டைக்கு முன்னாடி லேபிள். லேபிளுக்கு முன்னாடி கையெழுத்து. மூடாத கிட்டார்ல, கம்பி இல்லாம அவர் எதைக் கேட்டிருப்பார் டாக்டர்?"

இத்தனை வருஷம் எத்தனை கிட்டாருக்குள் அந்தக் கண்ணாடியை விட்டிருப்பார்! தினமும் கண்ணில் பட்டதுதான். மீட்டர்காரர், "நான் சொல்லல?" என்று ஆரம்பித்தார். அவர் முகமும் தொங்கித்தான் போயிருந்தது. திட்டுவதற்குக்கூட அந்தப் பெரிய மனிதர் உண்மையாக இருக்க வேண்டியிருக்கிறது.

"எல்லாமே பொய்யாக்கா?" என்றார் நாற்காலிக்காரர்.

"அப்படி இல்ல. கம்பி மாட்டற ரூமுக்கு வருவாரு. எதையாவது எடுத்து வாசிப்பாரு. பிடிக்கலேன்னா சத்தம் போட்டுத் திருப்பி அனுப்புவாரு. பத்துல ஒண்ணு கேட்டிருப்பாரு. திருப்பி அனுப்பினதுலயும் என் கையெழுத்து இருக்கும்."

தம்பி மருந்துச் சீட்டை எடுத்து குட்டை வாலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னோடதுல மட்டும் ஏங்கா குட்டையா போட்ட?"

இவ்வளவு சொன்ன பிறகும் அந்தக் கேள்வி! "கை வலிடா. அது உன்கிட்ட வரும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"நாலு மாசமா செத்துட்டிருக்கேன். பார்த்துட்டுதானே இருந்த. அப்பவே ஏன் சொல்லல?"

முதலாளிக்குக் கொடுத்த வாக்கு என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. முதலாளி போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது.

"புகழ்ந்தாங்கடா" என்றேன். "எனக்கு நல்லா இருந்துச்சு."

டாக்டர் தரையைப் பார்த்தார். தம்பி கோபப்படுவான் என்று நினைத்தேன். அவன் எழுந்து போய், பெட்டியைத் திறந்து, தன் பழைய கிட்டாரைக் கொண்டுவந்தான்.

"இப்போ நீ கேளு. கேட்டுட்டுச் சொல்லு. அடைக்குதா, இல்லியா?"

தடிக் கம்பியை மட்டும் தட்டினான். இன்னொரு முறை தட்டினான். நால்வரும் என் வாயைப் பார்த்தார்கள். இல்லை என்று சொல்லிவிட்டால் எல்லாம் சுமுகமாக முடியும். ஆனால் அடைத்தது. மூக்கில் சளி கட்டியவன் பேசுவது போலக் கொஞ்சமாக அடைத்தது.

"அடைக்குது" என்றேன்.

"அப்பாடா!" என்றான் தம்பி. "எனக்குத்தான் காது கெட்டுப்போச்சோன்னு பயந்தே போயிட்டேன்."

"இன்னிக்கு வந்ததில்லடா. வாங்கின நாள்லேர்ந்தே அப்படித்தான். அதனாலதான் நீ அந்தக் கம்பிய மட்டும் கட்டைவிரல் ஓரத்தால தள்ளி அடிக்கற. வேற யாரும் அப்படி அடிச்சு நான் பார்த்ததில்ல."

அவன் தன் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தான். அதன் ஓரத்தில் தோல் காய்ந்து மஞ்சளாகத் தடித்திருந்தது. நீள வால் கிட்டாரை வாங்கி அந்த விரலால் அதே மாதிரி அடித்தான். கண்டபடி அதிர்ந்தது. தடிக் கம்பியின் சத்தம் மற்றக் கம்பிகளின் மேல் போய் இடித்தது. அதை டாக்டர் மடியில் திருப்பி வைத்துவிட்டு, தன்னுடையதை எடுத்து வாசிக்க ஆரம்பித்தான்.

நிறுத்தாமல் வாசித்தான். சமையலறைக் கதவருகே அவன் மனைவி ஈரக் கையோடு வந்து நின்றாள். டாக்டர் கண்ணாடியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். நான் என் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டேன். பதினோரு வருஷத்தில் எத்தனை ஆயிரம் முறை 'கேட்டேன்' என்பதற்குக் கீழே கையெழுத்துப் போட்டிருப்பேன்! ஒன்றையாவது இப்படி உட்கார்ந்து கேட்டதில்லை.