மூன்று குழித் தண்ணீர்

சரக்கும் சாக்கடையும் தேங்கவே கூடாது என்பது வியாபாரிகளான எங்கள் தெருவின் எண்ணம். சவூதிப் பணம் வந்து வீட்டுக்கு வீடு குளியலறை கட்டிய எண்பத்து மூன்றில், சாக்கடைக்குச் சரிவாகச் சிமெண்டு பூசி, அத்தனை தண்ணீரையும் நேரே வெள்ளாற்றில் தள்ளிவிட்டோம். எங்கள் கெட்டிக்காரத்தனத்துக்கு நாங்களே பூந்தி வழங்கிக்கொண்டோம்.

ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் குடித்துக்கொண்டிருந்த கீழண்டைத் தெருக்காரர்களுக்குத்தான் பூந்தி இனிக்கவில்லை. ஒரு நாள் காலையில் பொன்னாயி நிறைகுடத்தோடு வந்து டீக்கடை வாசலில் இறக்கினாள்.

"மோந்து பாருங்க பாய்மாரே. எங்க வூட்டுக் கஞ்சியில உங்க சோப்பு மணக்குது. எட்டு நாள் பாப்போம். அப்புறம் மணல் மூட்டை அடுக்கி வாய்க்காலை அடைச்சிருவோம். உங்க தண்ணி உங்க வூட்டுக்கே வந்துரும்."

"சிமெண்டை இன்னும் ஒரு பர்லாங்கு நீட்டிட்டாப் போச்சு" என்றார் ஒருவர்.

"அங்க இன்னொரு ஊர்க்காரன் குடத்தைத் தூக்கிட்டு வருவான்" என்றார் காதர் பாட்சா.

மகள் ஹஃபீசாவின் நிக்காஹுக்காக லீவில் வந்திருந்தவர் அவர். சவூதியில் தண்ணீர் கம்பெனி ஆபீசர் என்று ஊரே நம்பியது. மாப்பிள்ளையின் அத்தா, பெரம்பலூர் ஜவுளிக்கடை ஹுமாயூன் சம்மதித்ததே ஆபீசர் வீட்டுப் பெண் என்றுதான். இப்போது வாயைத் திறந்தால் சம்பந்தம் என்னாகும் என்பது அவருக்குத் தெரியும். குடத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"தண்ணிய ஓட விட்டதுதான் தப்பு. நிக்க வைக்கணும். மொதக் குழியில கசடு அடியில தங்கும். ரெண்டாவதுல ஜல்லியும் மணலும். மூணாவதுல கோரையும் கல்வாழையும். மிச்சத்த ஆத்துல விடாம வயலுக்கு விடணும்."

"ஆபீசுல ஒக்காந்துக்கிட்டு இதெல்லாம் எப்படி மச்சான் கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டார் எங்களில் ஒருவர்.

"ஆபீசு ஏது? எட்டு வருசமா சாக்கடைக் குழியிலதான் வேலை."

டீ ஆற்றுகிறவனின் கை நின்றுவிட்டது.

வீட்டில் மனைவி ரஷீதா கேட்டது ஒன்றுதான். "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமுல்ல?"

"அத்தனை அத்தர் பூசிக்கிட்டு வந்தேனே, எதுக்குன்னு நெனச்ச?"

அவள் சிரிக்கவில்லை. கொல்லையிலிருந்து மண்வெட்டியை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள்.

இரண்டு தெருவும் சேர்ந்து வெட்டியது. கோரை எங்கே பிடுங்குவது, எந்த மணல் இறுகாது என்பதெல்லாம் பொன்னாயிக்கு அத்துப்படி. பேரத்தில் எங்களையே மிஞ்சினாள்: மூன்றாம் குழித் தண்ணீர் முதலில் அவர்கள் சோளக்கொல்லைக்கு, மிச்சம்தான் எங்கள் தென்னைக்கு. ஏழாம் நாள் ஆற்றில் ஒரு சொட்டுச் சாக்கடை விழவில்லை. அடுத்த வாரம் கீழண்டைத் தெருக்காரர்கள் புது ஊற்றுத் தோண்டினார்கள்.

அன்றைக்குப் பார்த்து ஹுமாயூன் பஸ்ஸை விட்டு இறங்கினார். செய்தி பெரம்பலூர் வரை போயிருந்தது. காதர் பாட்சா முதல் குழிக்குள் இடுப்பளவில் நின்று கசடு அள்ளிக்கொண்டிருந்தார். கைலியை இறக்கிவிடக்கூட இல்லை.

"சம்மந்தி, இதானா உங்க ஆபீசு?"

"இதாங்க. எட்டு வருசமா இதேதான்."

ஹுமாயூன் நேரே மூன்றாம் குழி வாய்க்குப் போனார். சேலை நயம் பார்க்கிற அதே விரல்களால் தண்ணீரைத் தொட்டு முகர்ந்தார். பொன்னாயி அவரிடம் ஒரு செம்பை நீட்டினாள்.

"அது வயலுக்குங்க. குடிக்கிறதுக்கு இது. எங்க ஊத்துத் தண்ணி."

வாங்கி, அண்ணாந்து, முழுச் செம்பையும் குடித்தார். நாங்கள் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஆபீசர் பொண்ணு கடைக்கார வூட்டுக்கு ஒத்து வருமான்னு எனக்கு ஒரு கவலை இருந்துச்சு சம்மந்தி. இப்ப இல்ல" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்க தெருவுக்கும் இந்த மாதிரி வேணுமே?"

காதர் பாட்சா தலையாட்டப் போனார். ரஷீதா முந்திக்கொண்டாள்.

"நிக்காஹ் முடியட்டுங்க, வருவாங்க. ஆனா மாப்பிள்ளையும் மண்வெட்டியோட குழியில எறங்கணும். எங்க ஊட்டுக்காரர் வேலைன்னா லேசு இல்லீங்க."